குன்னத்திலிருந்து ஸ்பானியத்திற்கு

பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில் புரட்டாசி மழையை நம்பி விதைக்கப்படும் பயிர்களுள் முதன்மையானது மக்காச்சோளம். பெயரில் மக்கா இருப்பினும் இப்பயிர் பிறந்த இடம் மெக்சிகோ. 2018ஆம் ஆண்டில் அப்பயிரைத் தேடி அதன் பழம்பகையும் வந்து சேர்ந்தது. அமெரிக்கக் கண்டத்திற்கு உரிய படைப்புழு, அவ்வாண்டு இந்தியாவில் முதன்முதலாகக் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அதே பருவத்தில் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் புலங்களிலும் புகுந்து பெருஞ்சேதம் விளைத்தது. இங்குள்ள உழவர்க்கு அது பெயரறியாப் புழு. மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையுள்ள உழவர்க்கோ தலைமுறை தலைமுறையாகப் பழகிய பகை. சாம்பலையும் மணலையும் செடியின் நடுவில் தூவி அதனைக் கட்டுப்படுத்தும் எளிய வழிகளை அவர்கள் அறிந்திருந்தனர். அவ்வறிவின் பெரும்பகுதி வழங்கிய மொழி ஸ்பானியம்.

ஸ்பானியத்தில் அப்புழுவின் பெயர் 'குசானோ கொகொயேரோ'. குசானோ என்பது புழு. கொகோயோ என்பது பயிரின் நடுவிலிருந்து சுருண்டு எழும் இளந்தளிர். அதற்கு நேரான சொல் நம் உழவர் நாவிலேயே உள்ளது: குருத்து. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'குருத்துப்புழு' என்றாகும். பெயர்ப்பில் பிழையேதும் இல்லை என்றே தோன்றும். ஆனால், கரும்பு பயிரிடும் உழவரிடம் குருத்துப்புழு என்றால் அவர் நினைவுக்கு வருவது இளங்குருத்துப்புழு. அது வேறு பூச்சி. அதற்குரிய தடுப்பு முறைகளும் வேறு. அகராதி காட்டிய வழியில் மட்டும் நடந்த மொழிபெயர்ப்பாளர் ஓர் உழவரின் ஒரு பருவ உழைப்பை வீணாக்கிவிடக்கூடும். வேளாண் துறை வழங்கும் 'படைப்புழு' என்னும் பெயரையே இட்டு, அது குருத்தினுள் தங்கி உண்பது என்பதைத் தொடரில் விளக்கிச் செல்பவரே தொழில் தெரிந்தவர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் ஒருவர் பல்கலைக்கழகத்தில் எதைக் கற்கிறார் என்பதை இவ்வொரு சொல்லே ஓரளவு விளக்கிவிடும். ஸ்பானியம் கற்பது அக்கல்வியில் பாதி. தம் தாய்மொழியில் எச்சொல், எவரிடத்து, எப்பொருளில் வழங்குகிறது என்று தெளிவது மறுபாதி. இவ்விரண்டாம் பாதியை எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் முழுமையாகக் கற்பித்துவிட இயலாது.

வீட்டில் வழங்கும் சொற்கள்

ஸ்பெயினிலும், ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினியாவிலும், மெக்சிகோ முதல் சிலி வரையுள்ள 18 நாடுகளிலும் ஸ்பானியம் ஆட்சிமொழியாக விளங்குகிறது. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் அதுவும் ஒன்று. இத்துணைப் பெரிய மொழி நமக்கு முற்றிலும் அயலானது என்று எண்ண வேண்டியதில்லை. போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழில் கலந்த மேசை, அலமாரி போன்ற சொற்கள், அம்மொழிக்கு உடன்பிறப்பான ஸ்பானியத்தில் 'மேசா', 'அர்மாரியோ' என வழங்குகின்றன. ஈழத்தமிழர் காலணியைச் சப்பாத்து என்பர். ஸ்பானியர் 'சபாத்தோ' என்பர். எனினும் உறவை நம்பி ஏமாறவும் கூடாது. சன்னலைப் போர்த்துக்கீசியர் 'ஜனேலா' என்பர். ஸ்பானியரிடம் அச்சொல் செல்லாது. அவர்கள் கூறுவது 'வெந்தானா'.

ஸ்பானியமும் எல்லா நாடுகளிலும் ஒருபடித்தாக இல்லை. மக்காச்சோளத்தைக் குறிக்கும் 'மாயிஸ்' என்னும் சொல், கரிபியன் தீவுகளில் வாழ்ந்த தாயினோ மக்களிடமிருந்து ஸ்பானியர் பெற்றது. அது எங்கும் விளங்கும். பச்சைக் கதிரைக் குறிக்கும் சொல்லோ நாட்டுக்கு நாடு மாறும். மெக்சிகோவில் 'எலோத்தே', பெருவிலும் சிலியிலும் 'சோக்லோ', வெனிசுவேலாவில் 'ஹொஹோத்தோ'. குன்னத்து உழவர் ஒருவரின் பேச்சை ஸ்பானியத்தில் பெயர்ப்பவர், கேட்பவர் எந்நாட்டவர் என்று முதலில் வினவியாக வேண்டும்.

ஏலாக்குறிச்சி காட்டும் வழி

மொழிபெயர்ப்பு நமக்குப் புதுவது அன்று. தொல்காப்பியம் மரபியலில் வழிநூலின் நால்வகையுள் ஒன்றாக அதனை வைத்து எண்ணுகிறது. நம் நாட்டுக் கதைகள் ஸ்பானியத்திற்குச் சென்றதும் நெடுங்காலத்திற்கு முன்பே நிகழ்ந்தது. வடமொழிப் பஞ்சதந்திரம் பாரசீகத்தின் பழைய வடிவான பகலவி மொழிக்கும், அதிலிருந்து எட்டாம் நூற்றாண்டில் 'கலீலா வ திம்னா' என்னும் பெயரில் அரபுக்கும் சென்றது. 1251இல், பின்னாளில் பத்தாம் அல்போன்சோ என அறியப்பட்ட இளவரசரின் விருப்பத்தால், அரபிலிருந்து ஸ்பானியத்தின் பழைய வடிவமான காஸ்திலிய மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. கரடகன், தமனகன் என்னும் இரு நரிகளின் பெயர்களே இத்தனை மொழிகளின் வாய்ப்பட்டுக் கலீலா, திம்னா எனத் திரிந்தன.

அயல்மொழியைத் தொடக்கத்திலிருந்து கற்றுத் தேர்ந்தவர்க்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. கொள்ளிடக் கரையை அடுத்து அரியலூர் மாவட்டத்தில் உள்ளது ஏலாக்குறிச்சி. அங்குத் தங்கிப் பணியாற்றி, அவ்வூர்க்குத் திருக்காவலூர் எனப் பெயர் வழங்கியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் அவர், தமிழின் முதலெழுத்தைக் கற்கத் தொடங்கியபோது முப்பது அகவையை எட்டியிருந்தார். கல்லூரியில் சேர்ந்து புதுமொழி கற்கக் காலம் கடந்துவிட்டது என்று பதினேழு அகவையில் அஞ்சும் மாணவர் இவ்வெண்ணை நினைவில் கொள்ளலாம்.

அவர் தேம்பாவணியை இயற்றியதை அனைவரும் அறிவர். மொழிபெயர்ப்பு மாணவர் உற்று நோக்க வேண்டியவை அவருடைய பிற பணிகள். தமிழ்-இலத்தீன் அகராதியையும், போர்த்துக்கீசியம்-தமிழ்-இலத்தீன் அகராதியையும் அவர் தொகுத்தார். 1732இல் உருவான சதுரகராதியில் சொற்களைப் பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்தார். நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்தே சொற்பொருள் தேடிய காலத்தில், அகர வரிசையில் தேடும் வசதியை அது தந்தது. செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் எழுதினார். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறு வேறு என்பதை உணர்ந்து இரண்டையும் முறையாகக் கற்ற பின்னரே திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்க்கும் தகுதி அவர்க்கு வாய்த்தது. பரமார்த்த குருவின் கதையைத் தமிழில் எழுதித் தாமே இலத்தீனிலும் பெயர்த்தார். பிறர் அகராதியை எதிர்பார்த்துக் காத்திராமல், தமக்கு வேண்டிய கருவியைத் தாமே ஆக்கிக்கொண்ட செயலை அவருடைய பெரும்புகழ் சற்றே மறைத்துவிட்டது என்றே கூறலாம். இன்றைய பல்கலைக்கழகங்களில் துறைச்சொல் தொகுப்பு எனப் பாடமாக வைக்கப்படுவதும் இச்செயலே.

எழுத்தும் பேச்சும்

மொழிபெயர்ப்புக் கல்வி இரு கிளைகளை உடையது. எழுதப்பட்டதைப் பெயர்ப்பவர் மொழிபெயர்ப்பாளர்; பேசப்படுவதை அவ்விடத்திலேயே பெயர்த்துரைப்பவரை இக்கட்டுரையில் உரைபெயர்ப்பாளர் என்போம். முன்னவர்க்கு அகராதியும் அவகாசமும் உண்டு. பின்னவர்க்கு இரண்டும் இல்லை.

1980இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் 18 அகவை இளைஞர் ஒருவர் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். கியூபாவிலிருந்து குடியேறிய அவருடைய குடும்பத்தினர், அவர் 'இந்தொக்சிகாதோ' என்றனர். கியூப வழக்கில் அச்சொல், உண்டது ஒவ்வாமல் நோயுற்றதைக் குறிக்கும். அதனோடு ஒலிப்பில் ஒத்த ஆங்கிலச் சொல்லோ போதையுற்ற நிலையைக் குறிக்கும். பயிற்சி பெற்ற உரைபெயர்ப்பாளர் அங்கு இல்லை. போதைமருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டவர் எனக் கருதி மருத்துவம் செய்யப்பட்டது. மூளையில் ஏற்பட்டிருந்த குருதிக்கசிவு இரு நாள்களுக்கும் மேலாக அறியப்படாமலே போயிற்று. அவ்விளைஞர் கைகால்களின் இயக்கத்தை நிலையாக இழந்தார். அவர்க்கு உறுதியளிக்கப்பட்ட வாழ்நாள் இழப்பீடு ஏறத்தாழ 7 கோடி அமெரிக்க டாலர். இரு மொழி ஓரளவு தெரிந்தவர் எவரும் இப்பணியைச் செய்துவிடலாம் என்னும் எண்ணம் எத்துணைத் தீங்கானது என்பதை விளக்க இந்நிகழ்வு மொழிபெயர்ப்பு வகுப்புகளில் இன்றும் எடுத்துரைக்கப்படுகிறது.

உரைபெயர்ப்பாளர் அதிகாரத்தின் அருகில் நிற்பவர். ஆகவே அவர்க்குப் பழியும் எளிதில் வந்துசேரும். 1519இல் மெக்சிகோவில் ஸ்பானியப் படைத்தலைவர் கொர்தேஸ், அஸ்தெக் மக்களோடு பேசியது இருவர் வழியாக. மாயா மொழி அறிந்த அகிலார் என்னும் ஸ்பானியர் ஒருவர். மாயாவும் நாவாட்டலும் அறிந்த மாலின்சே என்னும் அடிமைப்பெண் மற்றொருவர். ஒரு வினா மூன்று மொழிகளைக் கடந்து சென்று, அதன் விடை மீண்டும் மூன்று மொழிகளைக் கடந்து வரும். சின்னாளில் மாலின்சே ஸ்பானியமும் கற்று, அகிலாரின் உதவி தேவைப்படாத நிலையை எய்தினார். விற்கப்பட்டும் கைமாற்றப்பட்டும் வாழ்ந்த அப்பெண்ணின் பெயர், இன்று மெக்சிகோவில் அயலாரை உயர்த்தித் தம்மவரைத் தாழ்த்தும் மனப்பான்மைக்கு வசைச்சொல் ஆகிவிட்டது. இது நேர்மையான தீர்ப்பு அன்று என்பாரும் அந்நாட்டில் உளர். நம் புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸிடம் துபாசியாக இருந்த ஆனந்தரங்கர்க்கு வேறு வகையான வாழ்வு அமைந்தது. துபாசி என்னும் சொல்லே இருமொழியாளர் எனப் பொருள்படும். தாம் கண்டதையும் கேட்டதையும் 1736 முதல் நாட்குறிப்பாக எழுதிவைத்ததால், இருதரப்புக்கும் இடையில் நின்றவரின் பார்வை நமக்குக் கிடைத்தது.

இன்றைய உரைபெயர்ப்பில் இருமுறைகள் முதன்மையானவை. பேச்சாளர் சில நிமிடங்கள் பேசி நிறுத்த, அதன்பின் பெயர்த்துரைப்பது ஒன்று. இதற்குக் குறிப்பெடுக்கும் கலை வேண்டும். சொற்களை எழுதுவதன்று, கருத்துகளின் தொடர்பை அம்பு, கோடு, சுருக்கக்குறி ஆகியவற்றால் தாளில் மேலிருந்து கீழாக வரைந்துகொள்வது. ஜெனீவாவில் ரோசான் என்பவர் 1956இல் இக்கலைக்கு எழுதிய சிறுநூலின் முறையே பல பல்கலைக்கழகங்களில் இன்றும் அடிப்படை. பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒலிபுகா அறையில் அமர்ந்து காதில் கேட்டவாறே பெயர்த்துரைப்பது மற்றொன்று. 1945இல் தொடங்கிய நியூரம்பெர்க் போர்க்குற்ற வழக்கில்தான் இம்முறை பெரிய அளவில் முதன்முதலாகக் கையாளப்பட்டது. கேட்டலும் பேசலும் ஒரே நேரத்தில் நிகழ்வதால் மூளை விரைவில் களைப்படையும். எனவே இருவர் இணைந்து அமர்ந்து, ஏறத்தாழ அரைமணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வர்.

தமிழுக்கும் ஸ்பானியத்திற்கும் இடையே இம்முறையில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. தமிழில் வினைமுற்று இறுதியில் வரும். 'பாதிக்கப்பட்ட உழவர்களுக்கு இவ்வாண்டிற்குள் இழப்பீடு வழங்கப்பட' என்பது வரை கேட்ட உரைபெயர்ப்பாளர்க்கு அடுத்து வருவது 'உள்ளது' என்பதா, 'மாட்டாது' என்பதா என்று தெரியாது. ஸ்பானியத்திலோ வினை முன்னே வந்தாக வேண்டும். ஊகித்துச் சொன்னால் பிழையாகலாம்; காத்திருந்தால் அடுத்த தொடர் வந்துவிடும். இத்தகைய இடங்களில் 'இழப்பீட்டைப் பொறுத்தவரை' என்று நடுநிலையாகத் தொடங்கி, வினை வரும்வரை காலம் கடத்தும் உத்திகளைப் பயிற்சியால் பெறுவர்.

தமிழ் தரும் வலிமை

ஆங்கிலம் சரளமாக வராத மாணவர்க்கு அயல்மொழிக் கல்வி இல்லை என்னும் அச்சம் நம் ஊர்ப்புறங்களில் உண்டு. தமிழ் அறிந்தவர்க்கு ஸ்பானியம் சில இடங்களில் ஆங்கிலத்தினும் எளிதாகவே அமைகிறது. அதன் ஐந்து உயிரொலிகளும் தமிழில் உள்ளவை. எழுதியவாறே பெரும்பாலும் ஒலிக்கப்படும். ஞகரத்திற்குத் தனி எழுத்து உண்டு. 'பெரோ' என இடையின ரகரம் போல ஒலித்தால் 'ஆனால்' என்று பொருள். வல்லின றகரம் போல அழுத்தி ஒலித்தால் 'நாய்' என்று பொருள். ரகர றகர வேறுபாட்டைப் பள்ளியில் ஆசிரியர் ஏன் அத்துணை வலியுறுத்தினார் என்பது அங்கே விளங்கும். ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா என்னும் வினைமுற்றுகள் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார் என்பவற்றைப் போலவே எழுவாயைத் தம் விகுதியில் உணர்த்திவிடும். இருபெயர்ப்பால் பகுப்பு மட்டும் தொல்லை தரும். மேசை பெண்பால், அலமாரி ஆண்பால் என்பதற்குக் காரணம் தேடிப் பயனில்லை. உயர்திணை, அஃறிணை என்று பொருள் நோக்கிப் பகுத்துப் பழகியவர் மனப்பாடம் செய்தே தீர வேண்டும்.

நீ, நீங்கள் என்னும் வேறுபாடு ஸ்பானியத்தில் 'தூ', 'உஸ்தெத்' என நிலவுகிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். தமிழுக்கு வந்துள்ள லத்தீன் அமெரிக்க இலக்கியத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்தின் வழியாக வந்தது. அவ்வாறு வரும்போது, மூலத்தில் ஒருவர் மற்றவரை மதித்து அழைத்தாரா, உரிமையோடு அழைத்தாரா என்பதை மொழிபெயர்ப்பாளர் ஊகிக்கவே முடியும். மூலத்திலிருந்து நேரே பெயர்ப்பவர் அதனைக் காண்பார். அதற்காக ஸ்பானியம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று எண்ணற்க. 'எர்மானோ' என்பது அண்ணனா, தம்பியா என்பதைக் கதைமுழுதும் படித்தே அறிய வேண்டும். 'பிரீமோ' என்பது இன்னும் சிக்கலானது. சித்தப்பா மகனும் பிரீமோ, அத்தை மகனும் பிரீமோ. நமக்கு முன்னவர் உடன்பிறப்பு முறை, பின்னவர் மணமுறை. புதினத்தில் ஒரு பெண் தன் பிரீமோவைக் கண்டு நாணினாள் என்று வந்தால், தவறான முறைப்பெயர் இட்ட மொழிபெயர்ப்பு தமிழ் வாசகரைத் திடுக்கிடச் செய்யும்.

எங்கே, எவ்வாறு, எதற்கு

தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும், தில்லிப் பல்கலைக்கழகத்திலும், ஹைதராபாத்தில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானியத்தில் இளங்கலைப் பட்டம் பெறலாம். பொதுவாக முதலாண்டில் அகர முதலாகவே கற்பிப்பர், முன்பயிற்சி இன்றியமையாததன்று. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 2022 முதல் பொதுப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வின் வழியே இளங்கலை மாணவரைச் சேர்க்கிறது. 13 மொழிகளில் நடைபெறும் அத்தேர்வைத் தமிழிலும் எழுதலாம். விதிகள் மாறக்கூடியவையாதலால், சேரும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தில்லியில் 2009 முதல் இயங்கும் செர்வாண்டிஸ் நிறுவனம் நடத்தும் 'டெலே' தேர்வு ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளை உடையது. அதன் சான்றிதழ் உலகெங்கும் ஏற்கப்படுவது, காலாவதி ஆகாதது.

ஸ்பெயினின் கிரனாடா, சலமாங்கா, பார்சிலோனாவின் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் தனித்துறையாக நான்காண்டுப் பட்டமாகக் கற்பிக்கப்படுகின்றன. அங்கு மாணவரின் மொழிகளை ஏ, பி, சி என வரிசைப்படுத்துவர். ஏ என்பது தாய்மொழி. பெயர்ப்பின் திசை பெரும்பாலும் அம்மொழியை நோக்கியதே. ஐக்கிய நாடுகள் அவையின் ஸ்பானிய அறையில் அமர்பவரும் பிறமொழிப் பேச்சைக் கேட்டு ஸ்பானியத்தில் உரைப்பவரே. ஆகவே, குன்னத்தில் பிறந்து ஸ்பானியம் கற்றவர் அவ்வறையில் அமர்வார் என்று கனவை வளர்ப்பது முறையாகாது.

தமிழும் ஸ்பானியமும் மட்டுமே கொண்டு வாழ்க்கை நடத்துமளவுக்கு இன்று பணி இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்தியாவில் ஊதியம் தரும் பணியின் பெரும்பகுதி ஆங்கிலத்திற்கும் ஸ்பானியத்திற்கும் இடைப்பட்டது. ஓசூரிலிருந்து லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குச் செல்லும் இருசக்கர வண்டிகளோடு பயன்பாட்டுக் கையேடும் ஸ்பானியத்தில் செல்ல வேண்டும். இராணிப்பேட்டையில் ஆலை உடைய பாரிவேர் நிறுவனம் இன்று ஸ்பெயினின் ரோக்கா நிறுவனத்திற்கு உரியது. மருந்து ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஒவ்வொரு நாட்டின் உரிம ஆவணமும் பிழையின்றிப் பெயர்க்கப்பட வேண்டும். இந்திய வெளியுறவு அமைச்சகம் தனக்கென உரைபெயர்ப்பாளர் பிரிவு ஒன்றை வைத்துள்ளது. அதில் இடங்கள் மிகச் சில. எளிய கடிதங்களைக் கணினியே பெயர்த்துவிடுவதால், பழைய வகைப் பணிகள் குறைந்தும், கணினி பெயர்த்ததைச் சரிபார்த்துப் பொறுப்பேற்கும் பணி பெருகியும் வருகின்றன. ஆகவே ஆங்கிலத்தைத் தவிர்த்துவிட முடியாது. அதனைப் பட்டப்படிப்பின் மூன்றாண்டுகளில் உடன்கற்றுத் தேறலாம்.

மொழியோடு ஒரு துறையறிவும் உடையவர்க்கே கூலி உயர்கிறது. சட்டம், மருத்துவம், இயந்திரவியல் எனப் பலரும் நாடும் துறைகளில் போட்டி மிகுதி. வேளாண்மையில் அத்தகையோர் மிகச் சிலரே. மெக்சிகோவில் தலைமையிடம் கொண்டுள்ள உலக மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு நிலையத்தைச் 'சிம்மிட்' என்கிறோமே, அச்சுருக்கம் அதன் ஸ்பானியப் பெயரின் முதலெழுத்துகளால் ஆனது. உழுகுடியில் பிறந்து, கதிர், தட்டை, குருத்து, சோகை, மணிபிடித்தல் என்னும் சொற்களைப் புழக்கத்தில் அறிந்த மாணவர், பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே ஒரு குறிப்பேட்டில் அவற்றைப் பொருள்விளக்கத்தோடு எழுதத் தொடங்கலாம். ஒவ்வொன்றின் எதிரிலும் ஸ்பானியச் சொல்லுக்கு ஓர் இடமும், அச்சொல் எந்நாட்டு வழக்கு எனக் குறிக்க மற்றோர் இடமும் விட்டு வைத்தல் வேண்டும்.